கேமராவின் கண்ணில் விழுந்த தூசி

பழைய அச்சு நூல் ஒன்றன் பக்கங்களை டிஜிட்டல் கேமராவால் படியெடுத்துக் கொண்டிருந்தோம். 40 பக்கங்கள் முடிந்தபின் திரையில் நோக்கியபோது, எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி ஒன்று தென்பட்டது. பெரும்பாலும் அது வெற்றிடத்திலேயே கிடந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் ககரத்தின் தலைமேல் அமர்ந்து, அதனை மெய்யெழுத்தாக்கி விட்டிருந்தது! பாடம் ஒப்பிடுவோர்க்கு இதனினும் பெரிய இடர் வேறு வேண்டுமோ?

இத்தகைய புள்ளிக்கு வில்லையைப் பழிப்பது வழக்கம். வில்லையின் முகப்பில் படியும் சிறு தூசி பெரும்பாலும் படத்தில் தெரிவதே இல்லை. வில்லையை மாற்றிய பின்னரும் புள்ளி இடம் பெயராது நிற்குமாயின், தூசி உள்ளே, ஒளியுணரியின் பக்கத்தில் உள்ளது என்று கொள்ளலாம். அங்கும் அது உணரியைத் தொடுவதில்லை. உணரிக்கு முன்னே பதித்துள்ள மெல்லிய கண்ணாடி வடிகட்டியின் மீதே தங்குகிறது. ஆகவே நாம் காண்பது தூசியின் நிழல். பல விளக்குகள் எரியும் மண்டபத்தில் நம் நிழல் கரைந்து போகிறது. ஒற்றை விளக்கின்முன் கூர்மையாக விழுகிறது. அதுபோலவே, ஒளித்துளையை எஃப் 2.8 என அகலத் திறந்தால் புள்ளி மறைகிறது. எஃப் 16 எனச் சுருக்கினால் வெளிப்படுகிறது. எனவே எஃப் 16இல் வைத்து, குவியத்தைக் கலைத்து, வெண்சுவர் ஒன்றைப் படமெடுத்தால் உள்ள தூசியெல்லாம் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இடம் அறிவதில் ஒரு நுட்பம் உண்டு. உணரியில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்புறத்துப் புள்ளிக்குரிய தூசி, கேமராவின் வாய்வழியே நோக்குவார்க்குக் கீழ்ப்புறத்தில் இருக்கும். இடம் வலம் மட்டும் மாறுவதில்லை.

2003இல் வெளிவந்த ஒலிம்பஸ் இ-1 தொடங்கி, வடிகட்டியை நுண்ணதிர்வால் உலுக்கித் தூசியை உதிர்க்கும் ஏற்பாடு பல கேமராக்களில் இடம்பெற்று வருகிறது. முதலில் அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். பயனில்லையேல், மின்கலத்தை முழுதும் மின்னேற்றி, தூய்மை செய்வதற்கான முறையில் கேமராவை வைத்து, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் காற்றைச் செலுத்துக. வாயால் ஊதுதல் கூடாது. எச்சில் தெறித்தால் ஒரு புள்ளி ஒன்பதாகும். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றும் ஆகாது. அதனுள்ளிருக்கும் நீர்மம் கண்ணாடியில் கறையாகப் படியும். மின்கலம் இடையில் தீர்ந்தால், ஆடியுள்ள கேமராக்களில் ஆடியும் திரையும் திடீரென விழுந்து சேதமுறும்.

காற்றுக்கு அசையாதது எண்ணெய்த் துளியாகவோ ஒட்டிய துகளாகவோ இருக்கும். அதற்கு உணரியின் அளவிற்கேற்ற துடைப்புக் குச்சி வேண்டும். முழுச்சட்ட உணரி 36 மில்லிமீட்டர் அகலமுடையது. குச்சியில் அதற்குரிய திரவத்தை ஓரிரு துளி இட்டு, ஒரு முகத்தால் ஒருமுறை, மறுமுகத்தால் திரும்ப ஒருமுறை, மென்மையாக இழுத்து, அக்குச்சியை எறிந்துவிட வேண்டும். சிக்கனம் கருதி மீண்டும் பயன்படுத்தினால், முன்பு எடுத்த மணல்துகளே வடிகட்டியைக் கீறும். கைநடுக்கம் உடையோர் இப்பணியைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

கணினியில் புள்ளியை அழித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் வினவினார். வானத்துப் படமாயின் அழிக்கலாம். நூற்பக்கத்தில் எது அச்சுப் புள்ளி, எது தூசிப் புள்ளி என்று யார் தீர்ப்பது? ஊதுகுமிழால் இருமுறை ஊதி, வெண்சுவரில் சோதித்து, அந்த 40 பக்கங்களையும் மறுபடி எடுத்தோம். அது ககரமே.