தரந்துலாச் சிலந்தியின் ஊணும் உண்ணாமையும்

உயிர்கள் யாவும் உணவால் வாழ்வன. ஆயினும் உணவின்றி எத்துணைக் காலம் வாழலாம் என்பது உயிர்தோறும் வேறுபடும். சிறு பறவை ஒருநாள் இரையின்றேல் நலிவுறும். மலைப்பாம்போ பல மாதங்கள் பொறுக்கும். இவ்வரிசையில் வியப்புக்குரிய இடத்தைப் பெறுவது தரந்துலா என வழங்கும் பெருஞ்சிலந்தியாகும். மேலைநாடுகளிற் கண்ணாடிப் பேழைகளில் இதனைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர் பலர். நேற்றுவரை இரையை விரைந்து பற்றிய சிலந்தி இன்று அதனைத் தீண்டாது விலகுவதையும், அந்நிலை மாதக்கணக்கில் நீடிப்பதையும் கண்டு அவர்கள் கலங்குவதுண்டு. அக்கலக்கத்தினால் அவர்கள் செய்யும் உதவியே சிலவேளைகளிற் சிலந்தியின் உயிருக்கு இறுதியாக முடிகின்றது. ஆதலின் இச்சிலந்தி உண்ணும் முறையையும் உண்ணாதிருக்கும் காரணங்களையும் அறிதல் பயனுடையதாகும்.

தரந்துலா என்னும் பெயர் இத்தாலியின் தெற்கேயுள்ள தரந்தோ நகரின் பெயரடியாகப் பிறந்தது. முற்காலத்தில் அது அப்பகுதியில் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றையே குறித்தது. அதன் கடிக்கு ஆட்டமே மருந்து என அந்நகர மக்கள் நம்பினர். பின்னர் அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் கண்ட மயிர் செறிந்த பெருஞ்சிலந்திகளுக்கு அப்பெயர் சென்றடைந்தது. இன்று தெரபோசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த 1,000 இற்கு மேற்பட்ட இனங்கள் இப்பெயராற் சுட்டப்படுகின்றன. அவற்றுட் பல நிலத்தில் வளைதோண்டி வாழ்வன. இலங்கையிலும் இந்தியாவிலும் காணப்படும் பொயிசிலோதீரியா என்னும் சாதியோ மரப்பொந்துகளில் வாழ்வது. அழகிய நிறக்கோலங்களால் வளர்ப்போரைக் கவர்ந்த இச்சாதி முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2019 ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது.

தரந்துலா தோட்டச் சிலந்தியைப்போல வட்டவலை பின்னி இரை பிடிப்பதன்று. எட்டுக் கண்கள் உளவாயினும் அதன் பார்வை மங்கலானது. இரவில் வளைவாயிலில் அசையாது காத்திருந்து, நிலத்திலும் காற்றிலும் எழும் அதிர்வை உடலிலுள்ள நுண்மயிர்களால் உணர்ந்து, அணுகும் பூச்சியின்மீது பாயும். அதன் இரு நச்சுப்பற்களும் கோடரிபோல மேலிருந்து கீழாக இறங்கும். திண்ம உணவை விழுங்க அதற்கு இயலாது. சமிபாட்டு நீரை இரையின்மேல் உமிழ்ந்து, பிசைந்து நசுக்கி, கரைந்த சாற்றையே அது உறிஞ்சும். இவ்வாறு உறிஞ்சுதற்கென அதன் உடலினுள்ளே பம்பிபோலத் தொழிற்படும் இரைப்பையொன்று உண்டு. பல மணிநேரம் நீளும் அவ்வூண் முடிந்தபின் எஞ்சுவது ஓடும் இறகும் சேர்ந்த சிறு உருண்டை மாத்திரமே.

உறிஞ்சப்பட்ட சாறு பின்னுடலிற் பலவாகக் கிளைத்துப் பரந்துள்ள நடுக்குடற் பைகளைச் சென்றடையும். அங்கே கொழுப்பு முதலியன சேமிக்கப்படும். பின்னுடலை ஒரு நெற்களஞ்சியத்துக்கு ஒப்பிடலாம். பறவையும் பாலூட்டியும் உண்ட உணவின் பெரும்பகுதியை உடல்வெப்பத்தைக் காத்தற்கே செலவிடுகின்றன. சிலந்திக்கு அச்செலவு இல்லை. அன்றியும், அது பெரும்பொழுதை அசையாது கழிப்பது. ஓய்விலுள்ளபோது அதன் அனுசேப வீதம் மிகக் குறைவு. நைதரசன் கழிவையும் அது நீரிற் கரையாத குவானின் என்னும் வெண்பொருளாக வெளியேற்றுதலால் உடல்நீரும் மிச்சமாகின்றது. வரவு அரிது; செலவு அதனினும் சிறிது. நெடுங்காலம் உண்ணாதிருக்கும் ஆற்றலின் அடிப்படை இதுவே.

ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் அறிஞர் வில்லியம் பேர்க் இச்சிலந்திகளைப் பல்லாண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1958 இல் அவைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீர் மட்டும் பெற்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உணவின்றி வாழ்ந்த சிலந்தியைப் பற்றியும் அவர் பதிவு செய்துள்ளார்.

ஆற்றல் உண்டாயினும் இரை எதிரே இருக்க உண்ணாமை எதனால் என்னும் வினா எழும். அதற்குக் காரணங்கள் பல. முதலாவது நிறைவு. களஞ்சியம் நிரம்பிய சிலந்திக்கு மேலும் இரை வேண்டுவதில்லை. இரண்டாவது பருவம். ஆர்க்கன்சா நாட்டுத் தரந்துலா குளிர்காலத்தில் வளைவாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்கும். சிலி நாட்டு ரோசாநிறத் தரந்துலா பேழையில் வாழும்போதும் பல மாதங்கள் உண்ணாதிருப்பதற்குப் பெயர்பெற்றது. மூன்றாவது ஆணின் முதிர்ச்சி. முதிர்ந்த ஆண் உணவில் நாட்டம் குன்றிப் பெண்ணைத் தேடி அலையும். பின்னர் நெடுங்காலம் வாழ்வதில்லை. பெண்ணோ இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது.

நான்காவதும் தலையாயதுமான காரணம் தோல் கழற்றலாகும். புறவன்கூடு வளராததாதலின், சிலந்தி வளரவேண்டின் அதனைக் களைந்தே ஆகவேண்டும். அப்பொழுது நச்சுப்பற்களின் உறையும், உறிஞ்சும் இரைப்பையின் உட்படலமுங்கூடக் கழன்றுவிடும். உண்ணும் கருவிகள் யாவும் புதுப்பிக்கப்படும் அவ்வேளையில் உண்ணுதல் எங்ஙனம் இயலும்? ஆதலினாற் பல வாரங்கள் முன்னரே அது உணவை விலக்கும். பின்னுடல் மயிர் உதிர்ந்த இனங்களில் அவ்விடம் கறுத்துத் தோன்றும். பின்னர் அது மல்லாந்து கிடந்து பழைய தோலைக் கழற்றும். அந்நிலையைக் கண்டு இறந்ததென எண்ணிப் புரட்டிவிடுதல் பெருந்தீங்கு. தோல் கழன்றபின் பற்கள் வெண்மையாய் மென்மையாய் இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை, முதிர்ந்த சிலந்தியாயின் ஏறத்தாழ இரு வாரங்கள், இரையிடாதிருத்தல் வேண்டும்.

பசித்திருக்கும் என இரங்கிப் பேழையினுள் உயிருள்ள சிள்வண்டை விட்டுவைத்தல் இங்கேதான் கேடாகின்றது. தோல் கழற்றும் சிலந்தி தன்னைக் காக்க இயலாதது; சிள்வண்டு அதன் மென்னுடலைக் கடித்துக் குதறிவிடும். உண்பவன் உணவாகும் விபரீதம் அது. ஆதலின் தீண்டப்படாத இரையை மறுநாளே அகற்றுதல் நன்று. மிகையாக ஊட்டுதலும் தீதே. பருத்த பின்னுடலையுடைய சிலந்தி சிறு உயரத்திலிருந்து வீழினும் உடல் வெடித்து இறக்கக்கூடும்.

உணவின்மையைப் பொறுக்கும் சிலந்தி நீரின்மையைப் பொறுப்பதன்று. அதன் கால்களை மடக்குவது தசை. நீட்டுவதோ உடற்பாய்மத்தின் அழுத்தம். நீர் குறையின் அவ்வழுத்தம் தாழ்ந்து, கால்கள் உடலின்கீழே சுருண்டுகொள்ளும். பின்னுடல் சுருங்குதலும் கால்கள் சுருளுதலும் காணப்படின் அது தீங்கின் அறிகுறி. பின்னுடல் பருத்திருக்க இரையை மறுத்தல் அத்தகையதன்று. எனவே, வளர்ப்போன் நோக்கவேண்டியது இரை குறைந்ததா என்பதையன்று. நீர்க்கிண்ணம் நிறைந்துள்ளதா என்பதையே.

மனிதன் மேற்கொள்ளும் நோன்பு மனத்தின் கட்டுப்பாட்டால் நிகழ்வது. சிலந்தியின் உண்ணாமை உடலின் ஒழுங்கினால் நிகழ்வது. அதிற் பசியை வென்ற பெருமையும் இல்லை. பட்டினியின் துயரும் இல்லை. தன் பசியை அளவுகோலாகக் கொண்டு பிறவுயிரின் பசியை அளப்பவன் அன்பினாலேயே தீங்கு செய்வான். அவ்வுயிரின் இயல்பை அறிந்து, ஊட்டவேண்டிய காலத்தில் ஊட்டி, விலகவேண்டிய காலத்தில் விலகி நிற்பவனே அதனைப் பேணுபவன் ஆவான்.