எழுதுகோல் மாறினால் நாயகனும் மாறுவான்



படக்கதை என்றாலே பெரியோர் முகம் சுளிப்பதுண்டு. "பொழுதை வீணாக்கும் புத்தகம்" என்பர். ஆயினும் ஊன்றிப் படித்தால் அதிலும் ஒரு பாடம் உண்டு. ஒரு பாத்திரம் பெறும் சிறப்பு அதனோடு பிறந்ததன்று. எழுதுபவர் அதற்குக் கொடுக்கும் இடத்தால் வருவது. இதை இரு நாயகர்களைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

நம் மதுரைக்குத் தென்மேற்கே உள்ள சிவகாசியில் 1972-ஆம் ஆண்டு 'முத்து காமிக்ஸ்' தோன்றியது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. தமிழ்ச் சிறுவர் சிறுமியர் அவனைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டனர். ஆனால் அவன் பிறந்தது இங்கிலாந்தில். 1962-இல் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் கென் புல்மர் கதை எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ படம் வரைந்தார்.

அவன் பெயர் லூயிஸ் கிராண்டெல், ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். முதல் கதையில் அவன் ஊரையே நடுங்க வைத்த குற்றவாளி! பின்னர் டாம் டல்லி எழுதிய காலத்தில் அவனே நிழற்படை என்ற உளவுப் பிரிவில் சேர்ந்து நாட்டைக் காத்தான். சில காலம் தனி உடை தரித்த வீரனாகவும் உலவினான். கை அதே கை. மின்சாரமும் அதே மின்சாரம். எழுதுகோல்தான் வேறு.

ஸ்பைடரின் கதையும் இத்தகையதே. 1965-இல் இங்கிலாந்தின் 'லயன்' இதழில் டெட் கோவன் எழுதியபோது, அவன் குற்றவாளிகளின் அரசனாக விரும்பிய திருடன். அடுத்து எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர் அவர். அவர் கையில் ஸ்பைடர் மற்றக் கொடியவர்களை அடக்கும் வீரனானான். 1984-இல் சிவகாசியில் தொடங்கிய 'லயன் காமிக்ஸ்' அவனைத் தமிழருக்கு அறிமுகம் செய்தது.

இது மேனாட்டுப் படக்கதைக்கு மட்டும் உரியதா? இல்லை. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில், நம் மதுரையை எரித்த கண்ணகியே தலைவி. மணிமேகலை சிறு குழந்தை. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் எழுதிய காப்பியத்திலோ மணிமேகலையே தலைவி. அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி போக்குகிறாள். கண்ணகி தெய்வமாகச் சிறிது நேரமே தோன்றுகிறாள். ஒருவர் ஓரத்தில் நிறுத்திய பெண்ணை மற்றவர் நடுவில் நிறுத்தினார்.

இங்குதான் நாம் சிந்திக்க வேண்டும். மாயாவி, ஸ்பைடர் கதைகளில் பெண்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. வீரம் பெண்களிடம் இல்லாமையால் அன்று. அவர்களை நடுவில் நிறுத்த எவரும் எண்ணாமையால்தான். சாத்தனார் என்றோ எண்ணியதைப் பிறரும் எண்ணலாம் அல்லவா?

எனவே தோழியரே, இனிக் கதை படிக்கும்போது "நாயகன் யார்?" என்பதோடு நில்லாமல், "எழுதியவர் யார்? யாரை ஓரத்தில் நிறுத்தினார்?" என்றும் கேட்போம். ஓரத்தில் நிற்பவளை நடுவுக்கு அழைத்துவரும் எழுதுகோல் நம்முள் ஒருத்தியின் கையிலேயே இருக்கக்கூடும். படிப்போம்; எழுதவும் துணிவோம்!