டீச்சர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்? பிரின்சிபல் நினைத்தால் தடுக்க முடியுமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று சாயங்காலம் பல வீடுகளில் நடக்கும் உரையாடல் இது.

"போன வருஷ கணக்கு மிஸ்தானே இந்த வருஷமும்?"

"இல்லம்மா, அவங்க வேலையை விட்டுட்டாங்க."

தனியார் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு இது பழகிப்போன பதில். பிள்ளைக்குத்தான் பாவம், மறுபடி முதலிலிருந்து ஒரு மிஸ்ஸைப் பழக வேண்டும்.

இது நம்ம ஊர் பிரச்னை மட்டும் இல்லை. உலக அளவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வேலையிலிருந்து விலகும் விகிதம் 2015-ல் 4.62 சதவீதமாக இருந்தது, 2022-ல் 9.06 சதவீதமாகிவிட்டது என்கிறது யுனெஸ்கோ. 2030-க்குள் கூடுதலாக 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்பதும் அதே அமைப்பின் கணக்கு.

சம்பளம்தான் காரணமா?

பெரிய காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தனியார் பள்ளியில் சம்பளத்தை முடிவு செய்வது பெரும்பாலும் நிர்வாகம். பிரின்சிபல் கையில் அது இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் இங்கர்சால் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், அதிருப்தியால் வெளியேறிய ஆசிரியர்கள் சம்பளத்தோடு இன்னும் சில காரணங்களையும் சொன்னார்கள். மேலிடத்தின் ஆதரவு இல்லை, மாணவர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை, முடிவெடுக்கும்போது தங்களை யாரும் கேட்பதில்லை. இந்த மூன்றிலும் பிரின்சிபலுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது.

டைம் டேபிளில் தொடங்கலாம்

கல்வி உரிமைச் சட்டம் 2009, 8-ம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது. பாடத்துக்குத் தயாராகும் நேரமும் இதில் அடக்கம். நடைமுறையில் என்ன நடக்கிறது? யாராவது லீவு போட்டால், ஃப்ரீ பீரியட் இருக்கும் டீச்சர் தலையில் அந்த வகுப்பு விழும். திருத்த வேண்டிய நோட்டுகள் பையில் ஏறி வீட்டுக்குப் போகும். சமையல், பிள்ளைகளின் ஹோம்வொர்க் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு கரெக்‌ஷன். அப்போது பார்த்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில், "நாளை காலைக்குள் அனுப்பவும்" என்று ஒரு மெசேஜ்.

இதைச் சரிசெய்ய பட்ஜெட் எதுவும் வேண்டாம். தினமும் ஒரு பீரியடை யாரும் தொடக்கூடாது என்று வைக்கலாம். மாற்று வகுப்புகளை ஒருவர் மேலேயே போடாமல் பிரித்துக் கொடுக்கலாம். சில நாள் பிரின்சிபலே வகுப்புக்குப் போகலாம். இரவு மெசேஜை நிறுத்துவதற்கு மீட்டிங்கூட போட வேண்டியதில்லை.

பெற்றோர் சத்தம் போட்டால்?

என்னைக் கேட்டால், ஒரு டீச்சர் இருப்பாரா, போவாரா என்பது பல நேரம் இங்கேதான் முடிவாகிறது. மார்க் குறைந்துவிட்டது என்று அப்பா ஒருவர் கோபமாக வருகிறார். டீச்சரை அழைத்து அவர் முன்னாலேயே திட்டினால் பள்ளிக்கு ஒரு அட்மிஷன் மிஞ்சும். அந்த டீச்சர் அன்றைக்கே வேறு பள்ளிக்கு ரெஸ்யூமே அனுப்பியிருப்பார். "விசாரிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்று பெற்றோரை அனுப்பிவிட்டு, டீச்சர் தரப்பைத் தனியாகக் கேட்கலாம். தப்பு அவர் மேல் இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லலாம்.

புதுசா வந்தவர்களுக்கு

அடங்காத செக்‌ஷனைப் புது ஆள் தலையில் கட்டுவது பல பள்ளிகளில் வழக்கம். அதே பாடம் எடுக்கும் சீனியர் ஒருவரின் வழிகாட்டலும், சேர்ந்து திட்டமிட நேரமும் கிடைத்த புதியவர்கள் விலகுவது குறைவு என்று 2004-ல் தாமஸ் ஸ்மித்துடன் செய்த ஆய்வில் இங்கர்சால் கண்டார்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்து வைக்கும் பள்ளிகளும் உண்டு. அப்படி இருக்கிறவர் எந்த மனநிலையில் பாடம் நடத்துவார்?

ராஜினாமா கடிதம் ஏப்ரலில் வரும். வேறு வேலை தேடும் யோசனை பொங்கல் லீவிலேயே வந்திருக்கும். "அடுத்த வருஷம் எந்த கிளாஸ் எடுக்க விருப்பம், இந்த வருஷம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று பிரின்சிபல் கேட்க வேண்டியது ஜனவரியில்.