கடிகாரம் காட்டும் வழி

நடுக்கடலில் செல்லும் மாலுமி தன் இருப்பிடத்தை அறிவதற்கு இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தூரம் என்பது. மற்றொன்று, கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் என்பது. முன்னது பெருந்தொல்லை தந்ததில்லை. துருவ நட்சத்திரம் அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தோன்றுகிறதோ, ஏறக்குறைய அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. சென்னையில் அது சுமார் 13 பாகை. தில்லியில் 28½ பாகை. இந்துமாக்கடலில் கலஞ்செலுத்திய அராபியர் இவ்வுயரத்தை அளக்கக் கமால் என்னும் சிறு பலகையைக் கையாண்டனர். தமிழ் மாலுமிகளிடம் வழங்கிய இராப்பலகையும் இவ்வினத்ததே. பலகையின் நடுவில் கோத்த கயிற்றில் முடிச்சுகள் இருக்கும். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாகப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்திப் பார்ப்பர். இன்ன முடிச்சு இன்ன துறைமுகம் என்று முன்னரே தெரியுமாதலால், அவ்வுயரம் வரும்வரை வடக்காகவோ தெற்காகவோ சென்று, பின்னர் நேர்கிழக்காகவோ மேற்காகவோ திரும்பினால் போதும்.

தீர்க்கரேகையோ எளிதில் அகப்படவில்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது 4 நிமிடத்திற்கு 1 பாகை. ஆகவே புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையும் கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தையும் ஒருங்கே அறிந்தால் தீர்க்கரேகை தானே கிடைக்கும். ஆனால் ஆடும் கப்பலில் ஊசற்கடிகாரம் எங்ஙனம் ஓடும்? 1707ஆம் ஆண்டில் தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் நான்கு சில்லித் தீவுகளருகே பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் தீர்க்கரேகை காணும் முறைக்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. வானநூலார் சந்திரனை நோக்கியிருக்க, தச்சுத் தொழிலில் பழகிய ஜான் ஹாரிசன் கடிகாரத்தை நம்பினார். அவர் செய்த நான்காவது கடிகாரம் 1761-62இல் ஜமைக்கா சென்ற பயணத்தில், 81 நாட்களில் சுமார் 5 விநாடியே பிசகியது. அவருக்குரிய கடைசித் தொகை கைக்கு வந்தது 1773இல், அவருடைய 80ஆம் வயதில்!

நம் நாட்டில், கடற்பயணத்திற்கும் பூகோளத்திற்கும் உதவும் நோக்குடன் 1792இல் சென்னை வானாய்வுக்கூடம் அமைந்தது. அதன் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது. 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய நில அளவை, தீர்க்கரேகைக்கு இக்கூடத்தையே ஆதாரமாகக் கொண்டது. 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொதுநேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தது.

இன்று வழிகாட்டும் செயற்கைக்கோள்களும் கடிகாரங்களே. ஒளி ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 300 மீட்டர் செல்கிறது. அவ்வளவு நேரம் பிசகினால் இடமும் அவ்வாறே பிசகும். 2013இல் ஏவிய நம் முதல் நாவிக் கோளில் இருந்த ருபீடியக் கடிகாரங்கள் மூன்றும் பழுதுற்றபோது, கோள் சுற்றிக்கொண்டிருந்தும் இடங்காட்டப் பயன்படவில்லை. மாற்றாக 2017இல் அனுப்பிய கோள் வெப்பக்கவசம் பிரியாமல் வீணாயிற்று. 2018 ஏப்ரலில்தான் வேறொன்று நிலைகொண்டது. 2023 மே 29இல் சென்ற கோளில் அகமதாபாத்தில் உருவான ருபீடியக் கடிகாரமும் இடம்பெற்றது.

ஹாரிசன் முறையைப் பள்ளி முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். சமதரையில் ஒரு கோலை நேராக நட்டு, முற்பகல் 10½ மணியளவில் விழும் நிழலின் நீளத்தை ஆரமாகக் கொண்டு வட்டம் வரைந்து, நேரத்தைக் குறிக்க. பிற்பகலில் நிழல்நுனி மீண்டும் வட்டத்தைத் தொடும் நேரத்தையும் குறிக்க. இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கைக் காட்டும். சூரிய சித்தாந்தம் கூறும் முறையும் இதுவே. இரு நேரங்களின் நடுவே உள்ளது அவ்வூரின் நண்பகல். சூரியன் ஆண்டு முழுதும் ஒரே சீராக வருவதில்லை; பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஆதலால் இவ்வேறுபாடு மறையும் ஏப்ரல் 15, ஜூன் 14, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டிச் செய்வது நலம். கடைசி நாள் விடுமுறையாயினும் நிழல் நீண்டு விழுவது அப்போதுதான். சென்னையில் நண்பகல் 12.09க்கும், மும்பையில் 12.39க்கும், கொல்கத்தாவில் 11.36க்குச் சற்றுப் பின்னரும் அமையும். 12 மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு 4 நிமிடத்திற்கும் 82½இலிருந்து 1 பாகை கழிக்க, குறைந்தால் கூட்டுக. மாணவர் ஒரு நிமிடம் தவறினால் விடை கால் பாகை, அதாவது சென்னையில் சுமார் 27 கிலோமீட்டர் விலகும்.