கடலுக்கு என்ன வாடகை?

உங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏலம் கேட்பார்கள், அதிகம் கேட்டவருக்கு ஏரி. அந்த மீன் அடுத்த ஊருக்கு நீந்திப் போவதில்லை; ஆகவே கணக்கு எளிது. கடல் மீனோ இன்று ஒரு நாட்டின் கடலில் இருக்கும். நாளை அடுத்த நாட்டின் கடலில் இருக்கும். அதைப் பிடிக்க வரும் கப்பலிடம் எதை அளந்து கட்டணம் வாங்குவது?

நீளமா, கொள்ளளவா?

பெரிய கப்பலுக்குப் பெரிய கட்டணம் என்பது நியாயமே. ஆனால் ‘பெரிது’ என்பதை எப்படி அளப்பது? ஒரே வடிவமுள்ள இரு கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் நீளம் 20 மீட்டர். மற்றதன் நீளம் 40 மீட்டர். நீளம் 2 மடங்குதான். ஆனால் அகலமும் உயரமும் 2 மடங்காவதால் கொள்ளளவு 2 × 2 × 2 = 8 மடங்காகிறது! மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால், சிறிய கப்பல்காரர் ஒவ்வொரு கன மீட்டர் இடத்திற்கும் பெரியவரைவிட 4 மடங்கு கட்ட நேரும்.

அப்படியானால் கொள்ளளவைக் கொண்டே கட்டணம் வைக்கலாமே என்பீர்கள். இக்குறை நீங்கும், வேறொரு குறை வரும். ஆண்டு முழுவதும் மீன் பிடித்த கப்பலும், பாதி ஆண்டு துறைமுகத்தில் கட்டிக் கிடந்த கப்பலும் ஒரே கட்டணம் செலுத்துமே!

நாள் வாடகை

கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரையுள்ள மீன் வளம் கரை நாட்டுக்கே உரியது என்பதை 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் உறுதி செய்தது. இதனால் மேற்குப் பசிபிக்கின் சிறு தீவுகள் பெரும் சொத்துக்கு உரிமையாளர்கள் ஆயின. துவாலு நாட்டின் நிலப்பரப்பு வெறும் 26 சதுர கிலோமீட்டர். அதன் கடலோ அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. அங்கே சூரை மீன் ஏராளம்.

ஆனால் தொலைதூர நாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு தீவிடமும் தனித்தனியே பேரம் பேசின. ஒருவர் விலையை உயர்த்தினால் அடுத்தவர் கடலுக்குப் போய்விடலாம் அல்லவா? எனவே பப்புவா நியூ கினி, கிரிபாட்டி, நவூரு, துவாலு, பலாவு, மார்ஷல் தீவுகள், சாலமன் தீவுகள், மைக்ரோனேசியா ஆகிய 8 நாடுகள் நவூரு ஒப்பந்தத்தின் கீழ் ஒன்று சேர்ந்தன. 2007-இல், சூரைக் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைக் கப்பல்களுக்கு ‘கப்பல் நாள்’ முறையைக் கொண்டுவந்தன. ஆண்டுக்குச் சுமார் 45,000 நாட்கள் என்று வரம்பு கட்டி, அவற்றைத் தங்களுக்குள் பங்கிட்டு விற்றன. 50 மீட்டருக்குக் குறைந்த கப்பலின் ஒரு நாள் அரை நாளாகவும், 80 மீட்டருக்கு மேற்பட்டதன் ஒரு நாள் ஒன்றரை நாளாகவும் எண்ணப்படும்.

2012-இல் ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 5,000 டாலர். 2015-இல் 8,000 டாலர். 2010-இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த இந்நாடுகளின் வருமானம், பின்னர் ஏறத்தாழ 50 கோடி டாலராயிற்று. மீன் கூடியதால் அன்று. ஒற்றுமையால் வந்த உயர்வு இது. அத்தீவுகளின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இப்பணத்தை நம்பியிருக்கின்றன.

இது கப்பல்காரருக்கு நியாயமா? ஒரு கப்பல் நாளொன்றுக்கு 30 டன் பிடிக்கிறது, டன் விலை 1,500 டாலர் என்று கொள்வோம். வரவு 45,000 டாலர்; 8,000 டாலர் வாடகை அதில் சுமார் 18 விழுக்காடு. டன் விலை 1,000 டாலராக இறங்கினால் அதே வாடகை சுமார் 27 விழுக்காடாகிவிடும். ஆகவே சந்தை விலையைப் பார்த்தே வாடகையையும் பேச வேண்டியிருக்கிறது.

நாளை எண்ணுவது யார்?

“இன்று நான் மீன் பிடிக்கவில்லை, வழிப்பயணம்தான்” என்று கப்பல்காரர் சொன்னால்? கப்பலிலுள்ள கருவி, அது இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். நேர்கோட்டில் ஒரே வேகத்தில் செல்லும் கப்பலையும், சுற்றி வந்து நின்று வலை போடும் கப்பலையும் பிரித்தறிய அத்தடம் பெரிதும் உதவும். கப்பலிலேயே ஒரு பார்வையாளரும் இருப்பார்.

மீன் இடம் மாறினால்? எல் நினோ ஆண்டுகளில் வெப்பநீர்ப் பரப்பு கிழக்கே விரிகிறது. சூரையும் உடன் சென்று கிரிபாட்டிக் கடலில் மிகுகிறது. லா நினா ஆண்டுகளில் மேற்கே திரும்புகிறது. நாடுகள் தம் நாட்களை ஒன்றுக்கொன்று விற்றுக்கொள்ளலாம் என்பதால், மீனை இழந்த நாடு வருமானம் முழுவதையும் இழப்பதில்லை.

ஆயினும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஒலியலையால் மீன் கூட்டத்தை அறிந்து, செயற்கைக்கோள் வழியே கப்பலுக்குச் சேதி அனுப்பும் மிதவைகள் இன்று வந்துவிட்டன. தேடும் நேரம் குறைகிறது. நாள் என்பது அன்றும் இன்றும் 24 மணிதான்; அந்த 24 மணியில் பிடிக்கக்கூடிய மீனோ கூடுகிறது. எனவே வாடகையை மட்டுமன்றி, விற்கும் நாட்களின் எண்ணிக்கையையும் அவ்வப்போது திருத்தியாக வேண்டும். இல்லையேல் நியாயமான வாடகை வாங்கியும், நாளடைவில் வாடகைக்கு விட மீன் இராது.