குறைகடத்திக் கல்வியும் திருகோணமலை வெயிலும்

திருகோணமலைத் துறைமுகம் ஆழத்தாலும் இயற்கை அரணாலும் உலகறிந்த பெருமையுடையது. இலத்திரனியலின் வரலாற்றிலும் அதற்கு ஒரு சிறிய இடமுண்டு என்பதை அறிவார் சிலரே. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் இந்நகரைத் தாக்க வந்தபோது, அவை கண்ணுக்குப் புலனாகுமுன்னரே கரையிலிருந்த ராடார் நிலையம் அவற்றின் வருகையை உணர்ந்து அறிவித்தது. அக்காலத்து ராடார்களின் உயிர்நிலை வெற்றிடக் குழாய்களாகிய வால்வுகளே. எனினும் அதே போரில் தோன்றிய நுண்ணலை ராடார்களின் ஏற்பிகளில், மிக விரைந்து அதிரும் அலைகளை உணர்தற்கு வால்வினும் சிலிக்கன் பளிங்குத் துண்டே ஏற்றதாயிற்று. பளிங்கினால் வானொலி அலைகளை உணரலாம் என்னும் கருத்து அன்று புதிதன்று. கல்கத்தாவில் ஆய்வு நடத்திய சகதீச சந்திர போசு, ஈயச் சல்பைட்டுப் பளிங்கைக் கொண்டு அமைத்த உணர்கருவிக்கு 1901இலேயே காப்புரிமை வேண்டி விண்ணப்பித்திருந்தார். போர்க்காலத்தில் சிலிக்கனையும் ஜேர்மானியத்தையும் தூய்மைப்படுத்த மேற்கொண்ட பெருமுயற்சி, 1947 திசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராட்டெயின் என்போர் திரான்சிற்றரை ஆக்குதற்கு வழிகோலியது. சந்தித் திரான்சிற்றரின் கொள்கையை வகுத்த சொக்லியும் அவ்விருவரும் 1956இல் நோபெற் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

அன்று ஆய்வாளர் சிலரின் உடைமையாயிருந்த அவ்வறிவு இன்று உயர்தர வகுப்பின் பௌதிகவியற் பாடத்தில் ஒரு பகுதி. பொறியியற் பீடங்களில் முதலாண்டுகளின் அடிப்படை. ஆயினும் அதனைக் கற்பிக்கும் முறையில் ஒரு குறை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பளிங்கினுள் நிகழ்வதை ஓர் ஆசிரியரும், சுற்றுக்களின் கணக்கை வேறோர் ஆசிரியரும் கற்பிக்கின்றனர். மாணாக்கன் இரண்டிலும் தேர்ச்சி பெறுகின்றான். ஆனால் இரண்டும் ஒன்றே என்பதை உணராமலே வெளியேறுகின்றான். கருவியின் இயல்பும் சுற்றின் அமைப்பும் ஒருங்கே கற்பிக்கப்படும்போதே இத்துறை அறிவு கைவந்த அறிவாகும்.

முதலில் கருவியின் இயல்பை நோக்குவோம். தூய சிலிக்கன் சாதாரண வெப்பநிலையில் மின்னை மிக அரிதாகவே கடத்தும். ஏறத்தாழ 5 இலட்சங் கோடி அணுக்களுக்கு ஓர் இலத்திரனே அதிற் கட்டற்று உலவும். அதனுள் ஒரு கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிற் பொசுபரசு அணுக்களைச் சேர்த்தால், கட்டற்ற இலத்திரன்களின் தொகை ஏறத்தாழ 5 இலட்சம் மடங்காகப் பெருகும். இதுவே மாசூட்டல் எனப்படுவது. பொசுபரசுக்குப் பதிலாகப் போரனைச் சேர்ப்பின், இலத்திரன் இருக்கவேண்டிய இடங்கள் வெறுமையாகும். அவ்வெறுமையே துளை.

துளை என்னுங் கருத்தே மாணாக்கரைப் பெரிதும் மயக்குவது. இல்லாத ஒன்று எவ்வாறு இயங்கும் என அவர்கள் வினவுதல் இயல்பே. ஒரு திருமணப் பந்தியை எண்ணுக. வரிசையின் முதலில் இருந்தவர் எழுந்து போக, இரண்டாமவர் அவ்விடத்துக்கு நகர்கிறார். மூன்றாமவர் இரண்டாமிடத்துக்கு வருகிறார். ஒவ்வொருவரும் ஓரிடமே நகர்ந்தனர். வெறுமையோ பந்தியின் கடைசிவரை, அவர்கள் நகர்ந்த திசைக்கு எதிராகச் சென்றுவிட்டது. துளையின் இயக்கமும் இத்தகையதே. எனினும் உவமை எங்கே முறியும் என்பதையும் ஆசிரியர் சொல்லியாக வேண்டும். பளிங்கில் கட்டற்று உலவும் இலத்திரன் துளையொன்றைச் சேருமாயின், மின்னைக் காவுவன என்ற அளவில் இரண்டும் ஒருங்கே மறையும். பந்தியில் அத்தகைய மறைவு இல்லை.

துளைகள் மிக்க பகுதியும் இலத்திரன்கள் மிக்க பகுதியும் ஒரே பளிங்கிற் சந்திக்கும்போது, ஒரு திசையிலேயே மின்னை எளிதிற் செல்லவிடும் இருவாயி தோன்றுகின்றது. இருவகைப் பகுதிகள் மூன்று அடுத்தடுத்து அமைந்தது திரான்சிற்றர். அவற்றைக் காலி, அடி, சேகரிப்பான் என்பர். இவ்விடத்தில் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பலாம்: இரண்டு இருவாயிகளைக் கம்பியால் முதுகோடு முதுகாக இணைத்தால் திரான்சிற்றர் ஆகுமா? ஆகாது. அடி மிக மெல்லியதாயிருத்தலாலேயே காலியிலிருந்து புறப்படுவன பெரும்பாலும் அதனைக் கடந்து சேகரிப்பானை அடைகின்றன. சிறு பகுதியே அடியில் இழக்கப்படுகின்றது. கம்பியோ அவ்வழியை அறுத்துவிடும். இவ்விடையைத் தானே கண்ட மாணாக்கன், சிறிய அடி மின்னோட்டம் அதனினும் 100 மடங்கு போன்ற பெரிய மின்னோட்டத்தோடு தொடர்புற்றிருத்தலின் காரணத்தையும் உணர்வான்.

இனிச் சுற்றுக்கு வருவோம். இங்குத் திருகோணமலையின் வெயிலே நல்லாசிரியன். மலைநாட்டில் 25 பாகை வெப்பநிலையில், அடிக்கும் காலிக்கும் இடையே மாறாத ஏறத்தாழ 0.65 வோல்ற்று கொடுத்து ஒரு விரியலாக்கியை ஒழுங்குபடுத்தியதாகக் கொள்வோம். அதனை ஆண்டின் நடுப்பகுதியில் இந்நகருக்குக் கொண்டுவந்தால், நண்பகல் வெப்பநிலை 35 பாகையை எட்டக்கூடும். அதே மின்னோட்டத்தைப் பேணத் தேவையான வோல்ற்றளவு, பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று வீதங் குறையும். 10 பாகைக்கு 20 மில்லிவோல்ற்று. இது மிகச் சிறிதெனத் தோன்றும். ஆனால் மின்னோட்டம் வோல்ற்றளவோடு அடுக்குமுறையில் உயர்வதாகலின், அச்சிறு வேறுபாடு மின்னோட்டத்தை இருமடங்குக்கு மேலாக்கிவிடும். அதனால் ஒலி சிதையும். மின்னோட்டம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்க, சில வேளைகளிற் கருவியே அழியும்.

இதற்கு மருந்து மிக எளியது. காலியோடு ஒரு தடையைத் தொடராக இணைத்து, அதிலே ஏறத்தாழ 1 வோல்ற்று விழுமாறு செய்க. மின்னோட்டம் உயர முயன்றால் தடையின் வோல்ற்றளவும் உயரும். அடிக்கும் காலிக்கும் இடைப்பட்ட வோல்ற்றளவு குறைந்து, அவ்வுயர்வைத் தடுக்கும். முன்னர் இருமடங்கான மின்னோட்டம் இப்போது ஏறத்தாழ 2 சதவீதமே மாறும். ஒரு திரான்சிற்றர், சில தடைகள், ஒரு மின்கலவடுக்கு, ஒரு பல்மானி ஆகியவை இப்பரிசோதனைக்குப் போதும். சூடான பற்றாசுக் கோலைத் திரான்சிற்றரின் அருகே சிறிது நேரம் பிடித்தால், நண்பகல் வெயிலின் விளைவை வகுப்பறையிலேயே காணலாம். முதலிற் சுற்றுக் கெடுவதையும் பின்னர் அது திருந்துவதையும் கண்ட மாணாக்கன், காலித் தடை ஏன் வந்தது என்பதை ஒருபோதும் மறவான்.

இனி மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இம்மாவட்டத்துத் தமிழ் மாணாக்கர் உயர்தர வகுப்புவரை தமிழிற் கற்கின்றனர். பேராதனை, மொறட்டுவை, ஒலுவில், கிளிநொச்சி ஆகிய இடங்களிலுள்ள பொறியியற் பீடங்களில் ஆங்கிலத்திற் கற்கின்றனர். கோடல், துளை, காலி என்ற சொற்களை விடுத்து வேறு சொற்களைக் கேட்கும் முதலாண்டு மாணாக்கன், தான் எதையுமே கற்கவில்லையோ என அஞ்சுகின்றான். தமிழில் உருப்போட்டவனுக்கு அவ்வச்சம் மெய்யாகும். தமிழிற் பொருளுணர்ந்தவனுக்கோ புதிய சொல் பழைய பொருளின் மறுபெயர் மாத்திரமே. ஆகவே பாடசாலையில் ஒவ்வொரு கருவியின் இரு பெயர்களையும் குறிப்பேட்டில் அருகருகே எழுதச் செய்தல் நன்று. சுற்றுக் கெட்ட காரணத்தை மாணாக்கன் முதலிற் றன் தாய்மொழியில் வாய்விட்டு விளக்கட்டும். பின்னர் அதனை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

மீன்பிடிப் படகின் வானொலியும், கடலின் ஆழமறியுங் கருவியும், வெயிலால் மின்பெறும் விளக்கும் இக்கரையில் உப்புக் காற்றிலும் வெப்பத்திலுமே இயங்கவேண்டியவை. அவை பழுதுறும்போது நூலிலுள்ள சூத்திரம் மாத்திரம் உதவாது. பளிங்கினுள் நிகழ்வதை மனத்தாலும், சுற்றில் நிகழ்வதைக் கையாலும் அறிந்தவரே அவற்றைத் திருத்தவும், அவற்றினுஞ் சிறந்தவற்றை ஆக்கவும் வல்லவராவர். அத்தகையோரின் பயிற்சி பல்கலைக்கழகத்தில் நிறைவுறலாம். அதன் தொடக்கம் பாடசாலை ஆய்வுகூடத்தின் மேசையிலேயே உள்ளது.