தாத்தா படம் 'எண்ணெய் ஓவியம்' ஆகிறது! முகம் மாறாமல் இருக்க என்ன வழி?

அரூர்–

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால் மறுநாளே எழும் கேள்வி: "நல்ல போட்டோ ஒண்ணு இருக்கா?"

பல வீடுகளில் இருக்காது. பேங்க் பாஸ் புத்தகத்தில் ஒட்டியது, அடையாள அட்டைக்கு எடுத்தது, கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நின்றது – இவ்வளவுதான் தேறும். கருமாதிக்குள் அதைப் பெரிசாக்கி, பிரேம் போட்டு, மாலை போட்டாக வேண்டும்.

சித்தேரி மலையில் இருப்பவர்களுக்கும், தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமத்தார்களுக்கும் இதற்கு அரூர்தான் டவுன். பஸ் ஏறி வந்து, பைக்குள்ளிருந்து பத்திரமாக எடுத்து நீட்டுவது ஒரு பாஸ்போர்ட் சைஸ் படமாகத்தான் இருக்கும்.

இப்போது கம்ப்யூட்டர் அந்தப் படத்தை எண்ணெய் ஓவியம் போலவே மாற்றித் தருகிறது. இதில் லாபமும் உண்டு. சின்னப் படத்தைப் பெரிசாக்கினால் கலங்கித் தெரியும். அதன்மேல் தூரிகைத் தீற்றல் விழுந்தால் அந்தக் குறை மறைந்துவிடும்.

ஆனால் ஒரு சங்கடம். ஓவியம் பிரமாதமாக வந்திருக்கும். வீட்டுப் பாட்டி மட்டும், "யாருப்பா இவரு?" என்று கேட்டுவிடுவார்!

புதுசு இல்லை, பழசுதான்

போட்டோவை ஓவியமாக்குவது நம் ஊருக்குப் புதிது அல்ல.

கலர் பிலிம் வருவதற்கு முன் ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் 'டச்சிங்' செய்தார்கள். கறுப்பு-வெள்ளைப் படத்தின் கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு, புடவைக்குப் பச்சை என்று கையால் வர்ணம் தீட்டினார்கள். இறந்தபின் எடுத்த படத்தில், மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக எழுதிக் கொடுத்ததும் உண்டு!

இப்படிப்பட்ட பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப் பிடித்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாத்தும் வைத்திருக்கிறது.

கல்லில் பெயர், போட்டோவில் முகம்

செத்தவரை மறக்காமல் இருக்கப் படம் வைக்கும் வழக்கம் தர்மபுரி மாவட்டத்தில் ஸ்டூடியோக்களோடு தொடங்கியதும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நடுகல் நட்டார்கள். அரூர் வட்டாரத்திலும் நடுகற்கள் உண்டு. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் பல கற்களைப் பார்க்கலாம்.

ஆநிரை கவர்ந்த சண்டையில் பட்ட வீரன், ஊரைக் காக்க நின்று விழுந்த வீரன் – கையில் ஆயுதத்தோடு கல்லில் நிற்கிறான். பல கற்களில் நிற்கும் தோரணை ஏறக்குறைய ஒன்றுதான். முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. ஆனால் எழுத்து வெட்டிய கல்லில், எந்த அரசன் காலம், இறந்தவன் யார் என்று இருக்கும். அங்கே ஆளைக் காட்டுவது பெயர்.

சுவரில் மாட்டும் போட்டோவில் ஆளைக் காட்டுவது முகம் மட்டுமே. அது மாறினால் படம் எதற்கு?

இதயத்தில் பிறந்த வித்தை!

கம்ப்யூட்டர் எப்படி ஓவியம் தீட்டுகிறது? இரண்டு வழிகள் இருக்கின்றன. வித்தியாசம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் வழி 'பில்டர்'. போட்டோ என்பது லட்சக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதன் அக்கம் பக்கத்தில் எந்த நிறம் அதிகம் என்று பார்த்து, அதையே அந்தப் புள்ளிக்கும் பூசிவிடுகிறது. தெருவில் பத்து வீட்டில் ஏழு வீடு வெள்ளை என்றால் நடுவீட்டுக்கும் வெள்ளை அடித்துவிடுவது மாதிரி! நிறம் திட்டுத் திட்டாகி, தூரிகையால் இழுத்ததுபோல் ஆகிறது.

இந்த வகையில் பேர்போன ஒரு பில்டர், ஓவியத்துக்காகப் பிறந்ததே அல்ல. ஜப்பானில் குவஹாரா என்பவரும் கூட்டாளிகளும் 1976-ல் இதயத்தை எடுத்த மருத்துவப் படங்களைத் தெளிவாக்க அதைக் கண்டுபிடித்தார்கள். புள்ளிகளின் இரைச்சலைத் தேய்த்து, ஓரக் கோட்டை மட்டும் அழியாமல் காப்பது அதன் வேலை. ஓவியக்காரர் செய்வதும் அதுதானே!

பில்டருக்குக் கற்பனை கிடையாது. மூலப் படத்தில் இருப்பதை வைத்தே பூசும்.

ஏ.ஐ. செய்வது வேறு

இரண்டாவது வழி ஏ.ஐ. 2015-ல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆராய்ச்சியாளர்கள், ஒரு ஓவியரின் பாணியை எந்தப் போட்டோ மேலும் ஏற்றலாம் என்று காட்டினார்கள். 2016-ல் 'பிரிஸ்மா' என்ற ஆப் வந்து செல்போனிலேயே அதைச் செய்தது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி மூலம் ஜப்பானின் 'கிப்ளி' கார்ட்டூன் பாணியில் தங்கள் படத்தை மாற்றிக்கொள்ள உலகமே அலைமோதியது.

இந்தப் புதிய ஏ.ஐ. போட்டோவைத் திருத்துவதோடு நிற்பதில்லை. பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றை வரைகிறது. ஆளைப் போல ஒரு ஆள்! கன்னத்து மரு காணாமல் போகும். விழுந்த பல் முளைக்கும். மாறுகண் நேராகும். கேட்காமலே பத்து வயது குறையும்.

விளையாட்டுக்கு என்றால் சரி. மாலை போடும் படத்துக்கு?

என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் கவனிக்க:

* மூலப் படத்தையே கொண்டுபோங்கள். அதை செல்போனில் பிடித்து அனுப்பினால் டியூப் லைட் வெளிச்சமும் சேர்ந்து விழும்.

* அங்குலத்துக்கு 1,200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படம் அப்போது சுமார் 1,650-க்கு 2,125 புள்ளியாகும். பிரிண்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், ஐந்தரை அங்குல அகலம், ஏழு அங்குல உயரம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால்தான் தீற்றல் கைகொடுக்க வேண்டும்.

* முதலில் கீறல், கறையை எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பில்டர் கீறலையும் நிறம் என்று நினைத்து முகத்தில் இழுத்துவிடும்.

* படத்துக்கு நகல் எடுத்து, நகல் மேல்தான் ஓவிய வேலை நடக்க வேண்டும். பின்னணிக்குப் பெரிய தூரிகை, சட்டைக்கு நடுத்தரம், முகத்துக்குச் சின்னது. கண்ணுக்கும் வாய்க்கும் வேண்டவே வேண்டாம்! அந்த இடங்களில் அடியில் உள்ள மூலப் படமே தெரியட்டும்.

* பிரேம் போடும் முன், ஓவியத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, அவரோடு பழகிய ரெண்டு மூணு பேரிடம் காட்டுங்கள். யாராவது தயங்கினால் திருத்தச் சொல்லுங்கள்.

* கை வைக்காத ஸ்கேனையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவர்கள் தாங்களே செய்யலாம். 1990-ல் வந்த போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். 1996-ல் வெளியான 'கிம்ப்' முழுக்க இலவசம். அதில் 'ஆயிலிபை' என்ற பில்டரே இருக்கிறது. தூரிகை அளவையும் கூட்டிக் குறைக்கலாம்.

சட்டைக்குப் புது நிறம் கொடுக்கலாம், வேட்டிக்கு ஜரிகைக் கரை போடலாம், பின்னால் மலையும் ஆறும் வைக்கலாம். அதெல்லாம் அவரவர் ஆசை.

அந்த மரு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாளைக்குப் பேரப்பிள்ளை, "எனக்கும் அதே இடத்துல இருக்கே!" என்று கண்டுபிடிக்க அது ஒன்றுதான் சாட்சி.